ஜிஎஸ்டி இன்புட்: கடைக்காரருக்குப் பணம் நழுவும் இடங்கள்

சென்னையில் ஒரு பெயின்ட் கடை. ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார்கள். 18% வரி 18,000. அதையே 1,20,000-க்கு விற்றால் வசூலாகும் வரி 21,600. வாங்கும்போது கொடுத்த 18,000-ஐ (இதுதான் இன்புட்) கழித்து 3,600 கட்டினால் போதும். கூடின 20,000-க்கு 18% போட்டாலும் அதே 3,600தான். மதிப்புக்கூட்டு வரி என்பது இதுதான்.

அந்த 18,000 தானாக வந்துவிடாது. சரக்கு கொடுத்தவர் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, பில்லைத் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்ற வேண்டும். மாதாமாதம் ஃபைல் செய்பவருக்கு அதன் கெடு அடுத்த மாதம் 11. 14-ஆம் தேதி உங்கள் 2பி-யில் (ஜிஎஸ்டி தளம் காட்டும் உங்கள் இன்புட் பட்டியல்) தெரியும். வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான உங்கள் 3பி-க்குக் கெடு 20. நடுவில் இருக்கும் ஆறு நாளில் கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். பில் இல்லையென்றால் அந்த மாதம் 21,600-ஐயும் கைக்காசிலிருந்து கட்ட வேண்டியதுதான். கொடுத்தவர் காலாண்டு ஃபைலிங்காரராக இருந்து இடைப்பட்ட மாதங்களில் பில் ஏற்றும் வசதியான ஐஎஃப்எஃப்-இலும் ஏற்றாவிட்டால், ஏப்ரல் பில் ஜூலையில்தான் தென்படும். புதிய சப்ளையர் என்றால் வரித் தொகையை மட்டும் 2பி-யில் பார்த்த பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அதற்காக பாக்கியை இழுத்துக்கொண்டே போகக் கூடாது: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். காம்போசிஷன்காரரிடம் (பில்லில் தனியாக வரி போடாமல், மொத்த விற்பனையில் சிறு சதவீதம் கட்டுபவர்) வாங்கிய சரக்குக்கு இன்புட்டே கிடையாது.

பெங்களூரிலிருந்து சரக்கு வந்தால் பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) இருக்கும். அதை சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) இரண்டுக்கும் ஈடுகட்டலாம். ஆனால் சிஜிஎஸ்டியில் மிச்சம் கிடந்தாலும் எஸ்ஜிஎஸ்டிக்குப் பயன்படாது. சரக்கு எடுக்கப் போய் பெங்களூர் ஓட்டலில் தங்கினால், அந்த பில்லில் இருப்பது கர்நாடக வரி. சென்னைப் பதிவில் அதை எடுக்க முடியாது.

வரி உள்பட 1,180 என்று விலை சொல்லிவிட்டு, அதில் 18% என்று 212.40 ஒதுக்குகிறவர்கள் உண்டு. தப்பு. 1,180-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்குங்கள்: 180.

வாங்கல் விற்றல் எதுவுமே நடக்காத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் போட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய். நில் 3பி-யைப் பதிவு செய்த செல்போனிலிருந்து 14409-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடித்துவிடலாம்.