வீலைப் பிரிக்காமல் அலுமினிய நிப்பிளை மாற்றிப் பித்தளை போடுவது எப்படி?

சைக்கிளை உருட்டும்போது ரிம்முக்குள் ஏதோ கிலுகிலு என்று ஓடுகிறதா? ஒரு ஸ்போக் மட்டும் தொளதொள என்று ஆடுகிறதா? ஸ்போக் முனையை ரிம்மோடு பிடித்து இறுக்கும் சின்ன நட்டுதான் நிப்பிள். அதன் தலை உடைந்து உள்ளே விழுந்திருக்கும்.

கொஞ்சம் விலை கூடிய வீல்களில் எடை குறையட்டும் என்று அலுமினிய நிப்பிள் போடுகிறார்கள். பித்தளை நிப்பிள் ஒன்று ஏறக்குறைய 1 கிராம். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. 32 ஸ்போக் வீல் இரண்டுக்கும் சேர்த்தால் மிச்சமாவது 40 கிராம் சொச்சம், அதாவது பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். மதுரையில் பல ஏரியாவில் போர் தண்ணீரே உப்பு, சைக்கிளைக் கழுவுவதும் அதில்தான். தனுஷ்கோடி வரை மிதித்துவிட்டு வந்து துடைக்காமல் சுவரில் சாய்த்து வைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1. எது என்று கண்டுபிடியுங்கள். பித்தளைக்கும் வெள்ளி நிறப் பூச்சு இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். காந்தமும் உதவாது, இரண்டிலுமே ஒட்டாது. குண்டூசியால் ஓரத்தில் சுரண்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சிவப்பு, நீலம் என்று கலர் கலராக இருந்தால் பெரும்பாலும் அலுமினியம்.

2. வாங்குங்கள். 14 கேஜ் ஸ்போக், அதாவது 2 மி.மீ. கம்பி என்றால் அதற்குரிய 12 மி.மீ. பித்தளை நிப்பிள். பழைய ஸ்போக் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய்க் கையாலேயே மரை ஏற்றிப் பார்த்து வாங்குங்கள். நிப்பிளைத் திருப்பும் ஸ்போக் கீ விஷயத்தில் என் கட்சி ஒன்றே ஒன்று: வட்டமாக, சுற்றிலும் பல பள்ளம் வெட்டிய மலிவு கீ வேண்டவே வேண்டாம். அது நிப்பிளின் மூலையை வழித்துவிடும். 3.23 மி.மீ., 3.45 மி.மீ. என்று தனித்தனி அளவில் வருவதில் உங்கள் நிப்பிளை ஆடாமல் பிடிப்பதை எடுங்கள்.

3. டயர், டியூப், ரிம் டேப்பைக் கழற்றுங்கள்.

4. ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அடுத்தது. மொத்தமாகத் தளர்த்தினால் வீலைப் புதிதாகக் கட்ட வேண்டி வரும்.

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அரித்த நிப்பிள் ஸ்போக்கோடு ஒட்டிப் பிடித்திருக்கும். கீயைத் திருப்புவீர்கள், திரும்புகிற மாதிரியே இருக்கும். உண்மையில் முறுக்கிக்கொள்வது கம்பி. அதனால் முதலில் ஸ்போக்கில் சின்னதாக டேப் ஒட்டி, கொடி மாதிரி நீட்டி விடுங்கள். கீயோடு கொடியும் சேர்ந்து திரும்பினால் உடனே நிறுத்துங்கள். நிப்பிளின் இரு முனையிலும் டபிள்யூ டி 40 ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். பிரேக் படும் இடத்தில் எண்ணெய் படக் கூடாது. மறுநாள் பழைய டியூப் துண்டைச் சுற்றி, ஸ்போக்கைக் குறடால் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் கம்பியை வெட்டிப் புதிய ஸ்போக் போடுவதுதான் வழி. வெட்டும்போது தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

திசை குழம்பினால், டயர் பக்கமிருந்து ஸ்க்ரூடிரைவரால் திருப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்க்கையில் வலஞ்சுழி இறுக்கம், இடஞ்சுழி தளர்வு.

5. புதியதை மாட்டுங்கள். மரையில் ஒரு சொட்டு எண்ணெய். இரட்டைச் சுவர் ரிம்மில், அதாவது நடுவே பொந்து இருக்கும் ரிம்மில், நிப்பிள் உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. அதனால் உபரி ஸ்போக் ஒன்றை நிப்பிளின் தலைப்பக்கமாக இரண்டு சுற்று ஏற்றி, அதையே கைப்பிடியாக வைத்து உள்ளே விடுங்கள்.

இறுக்கிய பிறகு ஸ்போக் முனை நிப்பிள் தலையில் இருக்கும் வெட்டுவரை வந்திருக்க வேண்டும். தலைக்குக் கீழேயே நின்றுவிட்டால் ஸ்போக் நீளம் போதவில்லை. அலுமினிய நிப்பிள் தலை கழன்று போக அரிப்புக்கு அடுத்த காரணம் இதுதான்: இழுவை முழுக்க மரை பிடிக்காத கழுத்தில் விழுகிறது. பித்தளை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் சரியான நீளத்தில் வேறு ஸ்போக் போடுவதே நல்லது.

6. பெண்டு எடுங்கள், அதாவது வீலின் கோணலை நிமிர்த்துங்கள். அதே பக்கத்து ஸ்போக்கை விரலால் சுண்டிக் கேளுங்கள், ஓசை ஒத்துவரும் வரை இறுக்குங்கள். பின்வீலில் செயின் பக்க ஸ்போக் கூடுதல் இறுக்கம், அதை இடப்பக்கத்தோடு ஒப்பிடாதீர்கள். பிரேக் கட்டையை அளவாக வைத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருத்துங்கள். கடைசியில் ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்தி விடுங்கள். முறுக்கு இருந்தால் 'டிக்' என்று விடுபடும். அழகர்கோயில் ரோட்டில் ஒரு ரவுண்டு போய்வந்து மறுபடி பாருங்கள்.

பின்சேர்க்கை: டியூப்லெஸ் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். பஞ்சரை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்தான் சீலன்ட். அம்மோனியா கலந்த சீலன்ட் அலுமினியத்தை அரிக்கும். டேப் ஓரத்தில் கசிந்தால் முதலில் போவது நிப்பிள்தான், வாங்கும்போதே டப்பாவைப் பார்த்து அம்மோனியா இல்லாததாக எடுங்கள். கார்பன் ரிம் வைத்திருப்பவர்களுக்கு அலுமினிய நிப்பிள் இன்னும் மோசம், கார்பனோடு சேர்ந்தாலும் அரிபடுவது அலுமினியம்தான். உடையும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.