ராமநாதபுரம் கரையோரம் குடிவருபவர்களுக்கு: உங்கள் வீட்டுக்கு வழி சொல்ல

சிங்கப்பூரில் இருந்து வருபவர்கள் முதலில் மறக்க வேண்டியது அந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை. அங்கே எண்ணைச் சொன்னால் டாக்சி நேராக உங்கள் புளோக் அடியில் வந்து நிற்கும். இங்கேயும் பின்கோடு ஆறு இலக்கம்தான், 1972 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. ஆனால் அது கட்டடத்தைக் காட்டாது. தபால் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைத்தான் காட்டும். 623526 என்றால் ராமேஸ்வரம், அவ்வளவே. வந்த புதிதில் நான் தெருப்பெயரையும் பின்கோடையும் சொல்லிவிட்டு நிம்மதியாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பார்சல் கொண்டுவந்த தம்பி போன் போட்டு, "அதெல்லாம் சரிண்ணே, எந்தப் பள்ளிவாசல் பக்கம்?" என்றார்.

அவர் கேட்டதுதான் இந்த ஊர் முகவரி. பள்ளிவாசல், மாதா கோயில், தண்ணித்தொட்டி, ஐஸ் கம்பெனி. "ஐஸ் கம்பெனிக்கு அங்கிட்டு மூணாவது சந்து" என்றால் ஆட்டோக்காரருக்கு வேறெதுவும் வேண்டாம். டீக்கடையை அடையாளம் சொல்லாதீர்கள், அடுத்த வருடம் அது செல்போன் கடையாகிவிடும். பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் வீடு என்றால் "கடல் பக்கம்" என்பது வழியே அல்ல. இரண்டு பக்கமும் கடல்தானே! பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். எது என்று சொல்லுங்கள்.

மேப்பில் ஊர்ப்பெயரைத் தட்டும்போதும் கவனம். ஏர்வாடி இங்கேயும் உண்டு, திருநெல்வேலி மாவட்டத்திலும் உண்டு. தர்காவைத் தேடுபவர்கள் 'ஏர்வாடி தர்கா' என்றே போடுங்கள். மண்டபமும் மண்டபம் கேம்ப்பும் வேறு வேறு ரயில் நிலையங்கள்.

மனிதர்களுக்கு அடையாளம் போதும், போனுக்குப் புள்ளி வேண்டும். வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பும்போது வீட்டு வாசலில் நின்று அனுப்புங்கள். பஜாரில் நின்றபடி அனுப்பினால் விருந்தாளி பஜாருக்குத்தான் வருவார். மேப்பில் உங்கள் வாசல் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். இந்த மாவட்டத்தில் முதல் எண் 9-இல் தொடங்கும், இரண்டாவது 78 அல்லது 79-இல். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: ராமேஸ்வரத்து எண்களைத் திருப்பிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

நீளமான எண் வாயில் நுழையாது என்பவர்களுக்கு கூகுள் மேப்பிலேயே பிளஸ் கோடு என்ற சுருக்கமான இடக் குறியீடு இருக்கிறது. ஊர்ப்பெயரோடு சேர்த்தால் ஆறேழு எழுத்தில் முடிந்துவிடும். ஆங்கில உயிரெழுத்துகளை விட்டுவிட்டே அமைத்திருப்பதால் தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் உருவாகாது! அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் வெளியிட்டது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. நம் கடல் எல்லையும் அதற்குள் அடங்கும், எனவே படகு நிற்கும் இடத்துக்கும் ஒரு டிஜிபின் உண்டு. பின்கோடுக்கு இது மாற்று அல்ல, கூடுதல். இதுவரை எந்த ஆட்டோக்காரரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பரிந்துரைப்பது பழைய முறை. ஒரு அட்டையில் தெரு, அடையாளம், அந்த இரண்டு எண்கள், கீழே ஆம்புலன்சுக்கு 108 என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ராத்திரி பதறிப்போய் போன் செய்பவருக்கு எதுவும் ஞாபகம் வராது. எங்கள் வீட்டில் அது கரண்ட் மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது.