பிள்ளைக்கு ரியூசன் வாத்தியார் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தவணை அறிக்கை கைக்கு வந்த கிழமையே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். "ரீச்சர், மகனுக்குக் கணக்கில் முப்பத்திரண்டு. வீட்டுக்கு வந்து படிப்பிக்க ஒரு ஆளைச் சொல்லுங்கோ." யாழ்ப்பாணத்தில் கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் சாதாரண தர (தரம் பதினொன்று முடிய எழுதும் பரீட்சை) மாணவர்களுக்குக் கணிதம் படிப்பித்து வருகிறேன். முன்பு இந்தப் பெற்றோரின் அண்ணன்மாரும் அக்காமாரும் செய்த பிழைகளையே இவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. கட்டணம், நேரம், வாத்தியாரின் படிப்பு ஆகியவற்றை எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே பாடத்துக்கு இரண்டு வாத்தியார்

எனக்கு மிகவும் கோபம் வரும் தவறு இதுதான். இதில் காசும் போகிறது, பிள்ளையும் களைத்துப்போகிறது.

பிள்ளை ரவுணில் பெரிய வகுப்பு ஒன்றுக்குப் போகிறது. புள்ளி ஏறவில்லை. வீட்டுக்கு ஒருவரை வைக்கிறார்கள். அடுத்த தவணையிலும் ஏறவில்லை. முதல் இருவரையும் நிறுத்தாமலே மூன்றாவதாக என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார் என்ற நினைப்பு. நடப்பது நேர்மாறு. ஒவ்வொருவரும் "அதை மற்றவர் பார்த்திருப்பார்" என்று கடந்துபோகிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான ஆள் என்று ஒருவரும் இல்லை.

அப்படித் தரம் பத்தில் ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன், சொல்வதைக் கேட்கிறவன். எக்ஸின் மூன்று மடங்கு சக ஐந்து சமன் இருபது (3x + 5 = 20) என்று எழுதிக் கொடுத்தேன். தரம் எட்டுப் பிள்ளை செய்யும் கணக்கு. ஒரு வாத்தியார் அவனுக்கு "ஐந்தை மறுபக்கம் கொண்டுபோ, சக (+) சய (−) ஆகும்" என்று பழக்கியிருந்தார். மற்றவர் "இரண்டு பக்கமும் ஐந்தைக் கழி" என்று பழக்கியிருந்தார். இரண்டும் சரி, இரண்டும் ஒரே வேலைதான். பையன் இரண்டையும் செய்தான். இரண்டு பக்கமும் ஐந்தைக் கழித்துவிட்டு, அதே ஐந்தை மறுபக்கமும் கொண்டுபோய் இன்னொருமுறை கழித்தான். இருபது பத்தாகிவிட்டது. பிறகு பத்தை மூன்றால் வகுக்க வராமல் என் முகத்தைப் பார்த்தான். அவனிடம் சோம்பல் இல்லை, கவனக்குறைவும் இல்லை. இரண்டு பேரையும் மதித்து, இரண்டு பேர் சொன்னதையும் செய்திருக்கிறான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நேரத்தையும் பாருங்கள். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு முடிகிறது. சாப்பிட்டுவிட்டு ஒரு வகுப்பு, அது முடியச் சைக்கிளில் இன்னொரு வகுப்பு, இரவு வீட்டில் ஒருவர். தனியே இருந்து ஒரு கணக்கைப் பிழையாகச் செய்து, அழித்து, திரும்பச் செய்ய அந்தப் பிள்ளைக்கு எங்கே நேரம்? கணிதம் ஏறுவது அந்த நேரத்தில்தான். சாதாரண தர இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலத்துக்குள் பத்து வினாக்களுக்குப் பக்கத்தில் யாரும் இல்லாமல் விடை எழுத வேண்டும். எந்த நேரமும் ஒருவர் அருகிலிருந்து கை பிடித்த பிள்ளைக்கு அது முதல்நாள் போலவே இருக்கும்.

அப்போ என்ன செய்வது? இருக்கும் வாத்தியாரிடம் கொப்பியோடு போய் உட்காருங்கள். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது, அதற்கு இந்த மாதம் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். "பின்னம் பலவீனம், காரணி பிரிக்கும்போது சய குறி பிழைக்கிறது" என்று குறிப்பாகச் சொன்னால் அவருக்கு ஒரு தவணை கொடுங்கள். "பிள்ளை விளையாட்டுப் பிள்ளை, கொஞ்சம் முயற்சி காணாது" என்பதோடு நிறுத்தினால் நன்றி சொல்லி அவரை விட்டுவிட்டு, பிறகு மற்றவரிடம் போங்கள். பழையவரை அப்படியே வைத்துக்கொண்டு புதியவரைச் சேர்க்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. பெரிய வகுப்பை விடப் பிள்ளைக்கு மனம் இல்லை, நண்பர்கள் எல்லோரும் அங்கேதான் என்றால் போகட்டும். ஆனால் வீட்டுக்கு வருபவர் அந்த வகுப்பின் கொப்பியைத் திறந்து, அங்கே விளங்காததை மட்டும் அதே முறையில் விளங்கப்படுத்த வேண்டும். இதை முதல்நாளே அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் தனக்கென்று புதிதாக இன்னொரு பாடத்திட்டம் ஓட்டுபவராக இருந்தால் பழைய சிக்கல்தான் திரும்பி வரும்.

பதாகையைப் பார்த்துத் தெரிவு செய்வது

பெறுபேறு வந்ததும் சந்திக்குச் சந்தி படங்கள் ஏறும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகள், வாழ்த்துகள். அந்தப் பிள்ளைகளில் பலர் எங்கே படித்தாலும் ஏ எடுத்திருப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு அது உதவாது. வாத்தியாரிடம் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: எஸ் இல் நின்ற பிள்ளை யாராவது உங்களிடம் வந்து சி எடுத்ததா? எஸ் என்றால் 35 முதல் 49 வரை, சி 50 இல் தொடங்குகிறது. அந்தப் பதினைந்து புள்ளித் தூரத்தை ஒரு பிள்ளையோடு நடந்து கடந்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். எந்த அலகில் தொடங்கினார், எதை விட்டார், பிள்ளை எப்போது வாய் திறந்து கேள்வி கேட்டது என்றெல்லாம் சொல்வார். ஏ கதை மட்டுமே வருகிறதென்றால் யோசியுங்கள்.

பல்கலைக்கழக மாணவர்கள் பலர் திருநெல்வேலியில் தங்கியிருந்து படிப்பிக்கிறார்கள். பதாகை இல்லை என்பதற்காக அவர்களைத் தள்ளிவிடாதீர்கள். பொறுமையானவர் ஒருவர் கிடைத்தால் தரம் ஆறு முதல் ஒன்பது வரையான பிள்ளைகளுக்கு மிகவும் நல்லது. அவர்களுக்குச் சொந்தப் பரீட்சை வரும் மாதங்களை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தொடங்குவது

தரம் பத்துப் பிள்ளை என்றால் தரம் பத்துப் புத்தகத்தையே எடுக்கிறார்கள். முதல்நாள் தரம் ஏழு, எட்டுப் பாடநூல்களில் பின்னம், திசைகொண்ட எண்கள், எளிய சமன்பாடு ஆகியவற்றில் சில கணக்குகளைச் செய்யச் சொல்லிப் பார்க்கும் வாத்தியாரைத் தேடுங்கள். பாடநூல்கள் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பவை, பழையவற்றை விற்காமல் வைத்திருங்கள். பின்னம் வராத பிள்ளைக்கு இருபடிச் சமன்பாட்டை எவ்வளவு வடிவாகப் படிப்பித்தாலும் ஒட்டாது.

மொழிமூலம் கேட்காதது

பிள்ளை கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கில மூலத்தில் படித்தால், வருபவரும் அந்த மூலத்தில் விடை எழுதப் பழக்கக்கூடியவராக இருக்க வேண்டும்.

வருடக் காசை முன்கூட்டிக் கொடுப்பது

வேண்டாம். மாதம் மாதம் கொடுங்கள், குறித்த திகதியில் கொடுங்கள்.

கதவைச் சாத்துவது

படிப்பு விறாந்தையில் அல்லது ஹோலில் நடக்கட்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, வருபவர் சொந்தக்காரரோ ஊரில் பெயரெடுத்தவரோ, இதில் மாற்றம் வேண்டாம். வாத்தியார் வீட்டுக்குப் பிள்ளை போவதாக இருந்தால் அங்கும் இதையே கேளுங்கள். நல்ல வாத்தியார் கோபிக்க மாட்டார்.

பிள்ளையிடம் கேட்காதது

இரண்டாவது கிழமை முடிய, வாத்தியார் போன பிறகு, சாப்பிடும் நேரத்தில் கேளுங்கள். "நல்லா படிப்பிக்கிறாரா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "இண்டைக்கு எது விளங்கேல்லை, அதை அவரிட்டக் கேட்டனியா?" என்று கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தது என்று பிள்ளை சொன்னால், அடுத்த வகுப்புக்கு முன்பே வாத்தியாரோடு கதையுங்கள்.