காசில் தெரிவது அச்சுப் பிழையா, அடிபட்ட தழும்பா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் வாங்கிய சில்லறையில் கோணலான ஒரு காசு வந்துவிட்டால், “இது லட்சத்துக்குப் போகும்” என்று சொல்ல உடனே ஆள் வந்துவிடுகிறது. அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டுக் காசைக் கையில் எடுங்கள். இந்தக் கோளாறு அச்சு இறங்கும்வரை நேர்ந்ததா, இறங்கிய பிறகு நேர்ந்ததா? நாம் கண்டறிய வேண்டியது அது மட்டும்தான்.

காசு பிறக்கும் விதத்தை முதலில் அறிந்துகொள்வோம். சேலத்துக்காரர்களுக்கு இது பாதி சொந்த ஊர்க் கதை. நம் உருக்காலையிலேயே நாணயத்துக்கான எஃகு வில்லைகள் வெட்டும் பிரிவு உண்டு. தகட்டிலிருந்து வட்ட வில்லையை வெட்டுவார்கள், அதன் விளிம்பை உயர்த்துவார்கள், சூடேற்றி மென்மையாக்குவார்கள். நாணயச்சாலையில் அந்த வில்லை மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவில், சுற்றிலும் ஒரு வளையம் அணைத்துப் பிடித்திருக்க, அடி வாங்கும். வில்லையிலோ அச்சிலோ அந்த அடியிலோ நேர்ந்த கோளாறுதான் பிழை. வெளியே வந்தபின் நேர்ந்த எதுவும் சேதம், எவ்வளவு விநோதமாக இருந்தாலும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய விளக்கு, அதே வகையில் ஒரு நல்ல காசு. இவை போதும்.

முதலில் எடை. 2011-இல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85, ஐந்து ரூபாய் 6, பத்து ரூபாய் 7.71 கிராம். உருவம் மங்கிய காசு எடையிலும் கணிசமாகக் குறைந்திருந்தால் அமிலமோ அரமோ பட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அடி சரியாக விழாமல் மங்கிய காசில் எடை குறையக் காரணமில்லை.

அடுத்து, மேடா பள்ளமா? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது; அவசரப்படாமல் செய்யுங்கள். அச்சில் விரிசல் விட்டால் அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறும். காசில் அது மேடான கோடாக நிற்கும். கீறலோ உலோகத்தைத் தோண்டியிருக்கும். விளக்கைச் சாய்த்து, காசை மெல்லச் சுழற்றி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று லென்ஸில் பாருங்கள். ஆழமான கீறலின் இரு கரையிலும் உலோகம் ஒதுங்கிச் சின்ன வரப்பாக நிற்கும். அந்த வரப்பைப் பார்த்து “மேடு இருக்கிறது, விரிசல்தான்” என்று பலர் ஏமாறுகிறார்கள். வரப்புகளுக்கு நடுவே பள்ளம் ஓடினால் அது கீறல்.

விளிம்பில் கடித்தது போன்ற குறை. வில்லை வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டு விழும். வில்லை பிறை வடிவில் குறைந்து வரும். இந்தக் காசில் குறைக்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். விளிம்பை உயர்த்தும்போது இந்தப் பக்கம் உலோகம் இல்லாததால் அந்தப் பக்கம் அழுத்தம் கிடைக்காது. அங்கே விளிம்பு பெரும்பாலும் மெலிந்து மங்கியிருக்கும். குறையை ஒட்டிய எழுத்துகளும் அதை நோக்கி இழுபட்டுக் கரைந்தது போலத் தெரியும். அரத்தால் ராவிய காசில் எழுத்து சட்டென்று அறுபட்டிருக்கும், ராவிய கோடுகள் தெரியும், எதிர் விளிம்பு முழுசாக இருக்கும்.

கண்ணாடியில் தெரிவது போன்ற உருவம். அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும். நம் சேகரிப்பாளர்கள் இதை ‘லக்கி’ என்பார்கள். நல்ல விலை உள்ளதால் போலிகளும் உண்டு: இரண்டு காசுகளை வைஸ் என்னும் பட்டறை இடுக்கியில் வைத்து இறுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்த காசில் அந்தப் பக்கத்தின் பழைய உருவம் நசுங்கியபடி அடியில் கிடக்கும். உண்மையான லக்கியில் அந்தப் பக்கத்தில் குழிவுருவம் மட்டுமே இருக்கும்.

அச்சு திரும்பியிருப்பது. சிங்கம் நிமிர்ந்து நிற்கக் காசைப் பிடித்து, புத்தகப் பக்கம் போல வலமிருந்து இடமாகத் திருப்புங்கள். நம் காசுகளில் மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். நன்றாகச் சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் பிழை. வீட்டுப் பட்டறையில் இதைச் செய்வது கடினம் என்பதால் புதியவர்கள் இதிலிருந்து தேடத் தொடங்குவது நல்லது.

பத்து ரூபாயில் ஒரு தனிச் சோதனை. நடுவட்டமும் வெளிவளையமும் ஒரே அடியில் அச்சாகின்றன. ஆகவே வளையத்து எழுத்துகள் நேராக இருக்க, நடுவில் சிங்கம் மட்டும் சாய்ந்திருந்தால், யாரோ நடுவட்டத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஆண்டுக்குக் கீழே, காசை அடித்த நாணயச்சாலையைக் காட்டும் குறி எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம். அது கொல்கத்தாக் காசு. வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா. ரூபாய்ச் சின்னம் இல்லாத பழைய பத்து ரூபாயும் பிழையல்ல, வேறு வடிவம், தாராளமாகச் செல்லும். கறுத்த காசு, நிறம் மாறிய காசு பெரும்பாலும் நெருப்போ ரசாயனமோ பட்டவை.

சந்தேகமான காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மேற்பரப்பில் இருந்த சாட்சியம் போய்விடும், சேகரிப்பாளரும் வாங்கமாட்டார். எடையையும் ஆண்டையும் எழுதி, காகித உறையில் தனியாக வையுங்கள். அதை விற்றுத் தருகிறேன் என்று முன்பணமோ கமிஷனோ வரியோ யாராவது கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது.