டேட்டாபேஸ் சும்மா இருக்கிறது, பக்கம் நிற்கிறது: ஜாவா வெப் அப்ளிகேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், மாலையில் கூட்டம் ஏறும்போது ஆர்டர் பக்கம் அடிக்கடி நின்றுவிடும். 30 விநாடி சுற்றிவிட்டு எரர் வரும். எல்லோரும் டேட்டாபேஸைத்தான் சந்தேகப்பட்டோம். ஆனால் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் ஓடும் சர்வரில் போய்ப் பார்த்தால் சிபியூவுக்கு வேலையே இல்லை. பத்து கனெக்ஷன்கள் திறந்திருந்தன. பத்தும் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிலையில் இருந்தன. அதாவது, டிரான்சாக்ஷனை (எல்லாம் சேர்ந்து பதிய வேண்டிய, அல்லது எல்லாம் சேர்ந்து ரத்தாக வேண்டிய வேலைகளின் தொகுப்பை)த் தொடங்கிவிட்டு அடுத்த குவெரியை அனுப்பாமல் காத்திருந்தன.

அவை காத்திருந்தது பேமெண்ட் கேட்வேயின் பதிலுக்காக. ஆர்டர் போடும் மெத்தட்டின் தலையில் @டிரான்சாக்ஷனல் இருந்தது; மெத்தட் முழுவதையும் ஒரே டிரான்சாக்ஷனாக ஓட்டச் சொல்லும் குறிப்பு அது, ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில். உள்ளே ஆர்டரைச் சேமித்து, கேட்வேயை அழைத்து, பதில் வந்ததும் நிலையை மாற்றி, கடைசியில் மெயிலும் அனுப்பினோம். படிக்கும்போது ஒரு குறையும் தெரியாத ப்ரோகிராம் கோடு அது.

கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். கனெக்ஷன்களைத் திறந்துவைத்துக் கேட்பவர்களுக்குக் கடன் கொடுப்பது பூல். ஸ்பிரிங் பூட் 2.0 முதல் இயல்பாகக் கூடவே வரும் ஹிகாரி பூலில் அதிகபட்சம் 10 கனெக்ஷன்கள். ஓர் ஆர்டர் ஒரு கனெக்ஷனை 2 விநாடி பிடித்துவைத்தால் விநாடிக்கு 5 ஆர்டர்தான் போகும். அதே ஆர்டர் 20 மில்லி விநாடி மட்டும் பிடித்தால் 500 போகும். ரிக்வெஸ்ட்களை வாங்கும் வெப் சர்வரான டாம்கேட், அவற்றைக் கவனிக்க இயல்பாக 200 த்ரெட் வரை திறக்கும். பத்துப் பேர் கையில் கனெக்ஷன் இருக்க, மீதி 190 பேரும் வரிசையில் நிற்கலாம். அந்த 30 விநாடி, ஹிகாரி ஒருவரைக் காக்கவைக்கும் இயல்பான வரம்பு.

அதனால் டேட்டாபேஸ் கோடு எதைப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இந்த வரி ஓடும்போது கனெக்ஷன் யார் கையில் இருக்கிறது, எப்போது திரும்பும்?

எங்கள் ஆர்டரை மூன்றாகப் பிரித்தோம். சின்ன டிரான்சாக்ஷனில் ஆர்டரை 'நிலுவை' என்று சேமிப்பது, கனெக்ஷன் எதுவும் கையில் இல்லாமல் கேட்வேயை அழைப்பது, இன்னொரு சின்ன டிரான்சாக்ஷனில் முடிவை எழுதுவது. நடுவில் சர்வர் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஆர்டர் 'நிலுவை'யிலேயே நிற்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு வேலை அதைப் பற்றிக் கேட்வேயிடம் விசாரித்துச் சரிசெய்யும். பழைய முறையில் நிலைமை இதைவிட மோசம். ரோல்பேக் ஆனால், அதாவது டிரான்சாக்ஷன் ரத்தானால், ஆர்டர் அழிந்துவிடும், வாடிக்கையாளர் கார்டில் எடுத்த பணம் திரும்பாது. டேட்டாபேஸின் ரோல்பேக்குக்கு வெளி உலகத்தின் மீது எந்த அதிகாரமும் கிடையாது.

இப்படிப் பிரிக்கும்போது பலர் அடுத்த குழியில் விழுகிறார்கள். ஒரே கிளாஸுக்குள் மூன்று மெத்தட் எழுதி, இரண்டின் மேல் @டிரான்சாக்ஷனல் போட்டு, மூன்றாவதிலிருந்து அழைப்பார்கள். டிரான்சாக்ஷன் தொடங்கவே தொடங்காது. ஸ்பிரிங் இயல்பாக இதை ஒரு ப்ராக்ஸி மூலம், அதாவது உங்கள் கிளாஸின் முன்னால் நிற்கும் ஓர் இடையாள் மூலம், செய்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு மட்டுமே அந்த வாசல் வழியாகப் போகும். எரர் எதுவும் வராது, ஒவ்வொரு சேமிப்பும் தனித்தனியாக கமிட் ஆகி (நிரந்தரமாகப் பதிந்து) கொண்டிருக்கும், அதனால் டெஸ்ட்டிலும் மாட்டாது. வேறு கிளாஸுக்கு மாற்றுங்கள், அல்லது டிரான்சாக்ஷனைக் கோடிலேயே தொடங்கி முடிக்க ஸ்பிரிங் தரும் டிரான்சாக்ஷன் டெம்ப்ளேட்டைப் பயன்படுத்துங்கள்.

ரோல்பேக்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரன்டைம் எக்ஸெப்ஷன் எழுந்தால் ஸ்பிரிங் தானாக ரோல்பேக் செய்யும். செக்டு எக்ஸெப்ஷன் (கையாளும்படி கம்பைலர் கட்டாயப்படுத்தும் வகை) எழுந்தால் இயல்பாக கமிட் செய்துவிடும். பாதி எழுதிய தரவு அப்படியே நிலைத்துவிடும். உங்கள் கோடு செக்டு எக்ஸெப்ஷனை வீசினால், எதற்கெல்லாம் ரோல்பேக் வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

சரி, டிரான்சாக்ஷனின் எல்லையை எங்கே வைப்பது? என் பதில்: சர்வீஸில், அதாவது ஒரு வேலையை முழுதாகச் செய்யும் அடுக்கில். டேட்டாபேஸுடன் பேசும் ரிப்போசிட்டரியில் வைத்தால் சரக்கு இருப்பைக் குறைப்பது ஒரு கமிட், ஆர்டரைச் சேர்ப்பது இன்னொரு கமிட் என்று உடைந்துபோகும். ரிக்வெஸ்ட்டை வாங்கும் கண்ட்ரோலரில் வைத்தால் பதிலைத் தயாரிக்கும் நேரமெல்லாம் கனெக்ஷன் பிடிபட்டிருக்கும்.

கண்ட்ரோலரில் நீங்கள் வைக்காவிட்டாலும் ஸ்பிரிங் பூட் கிட்டத்தட்ட அதையே செய்கிறது. 'ஓப்பன் இன் வியூ' என்ற அமைப்பு இயல்பாகவே ஆனாகி இருக்கும். அப்ளிகேஷன் தொடங்கும்போது லாகில் ஓர் எச்சரிக்கையும் வரும், யாரும் படிப்பதில்லை. இதனால் ஹைபர்னேட் (ஜாவா ஆப்ஜெக்ட்களை டேபிள்களோடு இணைக்கும் லைப்ரரி) செஷன் ரிக்வெஸ்ட் முடியும்வரை திறந்திருக்கிறது; முதல் குவெரிக்கு எடுத்த கனெக்ஷனும் வழக்கமாக அதுவரை திரும்புவதில்லை. புதிய ப்ராஜெக்டில் முதல் நாளே ஆஃப் செய்துவிடுங்கள். பழையதில் ஆஃப் செய்தால் லேஸி லோடிங் (தரவைக் கேட்கும்போதுதான் எடுப்பது) எரர்கள் வரிசையாக வரும். அவை தலைவலிதான், ஆனாலும் ஒவ்வொன்றும் சர்வீஸுக்கு வெளியே ரகசியமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குவெரியைக் காட்டிக்கொடுக்கிறது.

அப்படி ஓடும் குவெரிகள் ஒன்றிரண்டாக இருக்காது. 50 ஆர்டர்களை எடுத்துவிட்டு லூப்புக்குள் ஒவ்வொன்றின் வாடிக்கையாளர் பெயரையும் கேட்டால் 51 குவெரி வரை போகலாம். எஸ்கியூஎல் லாகை ஆன் செய்து ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே குவெரியில் எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போடலாம். பட்டியல் பக்கம் என்றால் டேபிளில் தேவையான நாலு நெடுவரிசையை மட்டும் எடுக்கும் குவெரியைக் கையால் எழுதுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

கனெக்ஷன் போதவில்லை என்றதும் பூலைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது. 10-ஐ 50 ஆக்கினால், அப்ளிகேஷன் நான்கு சர்வரில் ஓடும்போது 200. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்பு 100. ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் அது தனி ப்ராசஸ் ஒன்றையும் நடத்துகிறது. வரிசை அப்ளிகேஷனிலிருந்து டேட்டாபேஸுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஹைபர்னேட் இல்லாமல் நேரடியாக ஜேடிபிசி (டேட்டாபேஸுடன் பேச ஜாவா தரும் அடிப்படை வழி) எழுதுபவர்களுக்கு: கனெக்ஷன், ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் மூன்றையும் ஜாவா 7-இல் வந்த, வேலை முடிந்ததும் தானாக மூடிவிடும் 'ட்ரை வித் ரிசோர்சஸ்' அமைப்புக்குள் திறங்கள். பயனர் தந்த மதிப்பை எஸ்கியூஎல் வரியோடு ஒட்டாமல் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டின் கேள்விக்குறிக்குக் கொடுங்கள். இதில் விதிவிலக்கு வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனில் யார் கனெக்ஷனைத் திருப்பவில்லை என்று தேட வேண்டுமா? ஹிகாரியில் 'லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்ட்' என்ற அமைப்பு உண்டு, இயல்பாக ஆஃபில் இருக்கும். டெஸ்ட் சர்வரில் 5 விநாடி என்று வையுங்கள். அதற்குமேல் ஒருவர் பிடித்துவைத்திருந்தால், எந்த மெத்தட்டிலிருந்து எடுத்தார் என்ற ஸ்டாக் ட்ரேஸ் லாகில் வந்துவிடும். எங்கள் கேட்வே அழைப்பு கிடைத்ததும் அப்படித்தான்.