லாங் பிராஞ்ச் லீ-என்ஃபீல்டு வாங்கப் போறீங்களா?

டொரன்டோவை ஒட்டிய லாங் பிராஞ்சில் 1941 முதல் தயாரான லீ-என்ஃபீல்டு நம்பர் 4 என்ற பழைய ராணுவ ரைபிளுக்கு இங்கே கனடாவில் இன்னும் கிராக்கி உண்டு. வாங்க லைசென்ஸ் கட்டாயம்.

கையில் வாங்கியதும் மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் உருளை) திறந்து, உள்ளே தோட்டா இல்லையென்று பாருங்கள். பிறகு நான் முதலில் பார்ப்பது மரத்தைத்தான். வேட்டைக்காக முன்கட்டையை (குழலைத் தாங்கும் மரம்) அறுத்திருந்தால் விலை பாதிக்குக் கீழே போய்விடும். விற்பவர் பாலிஷைப் புகழ்ந்தால் காதில் வாங்காதீர்கள்.

போல்ட் கைப்பிடியின் பின்பக்க எண்ணும், துப்பாக்கியின் உலோகச் சட்டகத்தின் இடப்பக்க எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அது சேகரிப்பாளர் பிடிவாதம் மட்டுமல்ல: வேறு போல்ட் என்றால் தோட்டா உட்காரும் இடைவெளி மாறியிருக்கலாம். துப்பாக்கி மெக்கானிக் கேஜ் (இடைவெளியை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் சுடவே கூடாது. போல்ட் தலையில் அதன் நீளத்தைக் குறிக்க 0 முதல் 3 வரை ஓர் எண் இருக்கும். 3 என்றால், அதைவிட நீளமான தலை போட்டு இடைவெளியைச் சரிக்கட்ட வழியில்லை.

குழலுக்குள் டார்ச் அடியுங்கள். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் உப்பு அரித்த குழிகள் தெரிந்தால், சுவரில் மாட்டும் விலைதான் கொடுப்பேன். வெளித்துரு லேசாக இருந்தால் பேரம் பேசலாம்.