அக்கா தம்பியைச் சேர்த்துத் தத்தெடுக்கும்போது பலர் செய்யும் தவறுகள்

தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு செய்தவர்களுக்குத் தெரியும், கைக்குழந்தைக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும், அக்கா தம்பி என்று சேர்ந்தே இருப்பவர்களும் அதே தளத்தில் நமக்காகக் காத்திருக்கிறார்கள். அதனால் "இங்கே சீக்கிரம் கிடைத்துவிடும்" என்று சிலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். முதல் தவறே அதுதான். வரிசையைத் தாண்டும் குறுக்குவழியாக இதை நினைத்து வருபவர்கள் தயவுசெய்து இன்னும் கொஞ்ச நாள் யோசியுங்கள்.

அடுத்தது மருத்துவ அறிக்கை. அறுவை சிகிச்சையில் சரியாகிற அண்ணப் பிளவும் சிறப்புத் தேவைதான், ஆயுள் முழுக்கத் துணை வேண்டியிருக்கிற பெருமூளை வாதமும் சிறப்புத் தேவைதான். அறிக்கையை நமக்கு நம்பிக்கையான டாக்டரிடம் காட்டிவிட்டுச் சம்மதம் சொல்ல விதியே இடம் தருகிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு உண்டு, பிள்ளைகளை ஒதுக்கிய பிறகு டாக்டரைத் தேடக் கூடாது. இன்னொன்று, குறை இருக்கிற பிள்ளையின் அறிக்கையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், குறை எதுவும் இல்லாத அக்காவுடையதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவளும் அதே வாழ்க்கையிலிருந்துதான் வருகிறாள்.

சொல்லப்போனால் பெரிய தவறுகள் எல்லாம் அவள் விஷயத்தில்தான் நடக்கின்றன. ஏழு வயது அக்கா, நான்கு வயதுத் தம்பி, அவனுக்குக் காது கேட்காது என்று வைத்துக்கொள்வோம். இவர்களுக்குள் தனியாக ஒரு கைபாஷை இருக்கும். சாப்பாட்டில் சூடு பார்த்து அவனுக்கு ஊட்டுவது அவள், நாம் கொடுக்கிற பிஸ்கட்டில் பாதியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பதும் அவள், நாம் கூப்பிட்டால் அவன் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். இதைப் பார்த்துப் புது அம்மா மனசு கேட்காமல் "நீ போய் விளையாடு கண்ணு, இனிமே தம்பியை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார். நல்ல எண்ணம்தான், ஆனால் அவளுக்கு அது தன்னிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டது போல இருக்கும். படுக்கையை நனைப்பது, தம்பியைக் கிள்ளுவது, நம்மிடம் பேசாமல் இருப்பது என்று ஏதோ ஒரு வழியில் வெளியே வரும். "இவனுக்கு எப்படி ஊட்டுவே, எனக்கும் சொல்லிக்கொடு" என்று பக்கத்தில் உட்காருங்கள். வேலை கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கைக்கு மாறட்டும், மாதங்கள் ஆகும். பிஸ்கட்டையும் தேடிப் பிடுங்காதீர்கள், எட்டும் இடத்தில் எப்போதும் ஒரு டப்பா வைத்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு நம் வீடுகளில் இன்னும் சகஜம். "நாளைக்கு நாங்க இல்லேன்னா அவதான் இவனைப் பார்த்துக்கணும்" என்று பிள்ளை காதுபடவே சொல்வது. வாழ்நாள் ஆயாவாகவா அவளைத் தத்தெடுத்தோம்? அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவை இருந்தால், 18 வயதுக்குப் பிறகு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழு மூலம் சட்டப்படி காப்பாளரை நியமிக்க முடியும். அந்த ஏற்பாடு பெரியவர்களின் வேலை.

வந்த வாரமே பேச்சுப் பயிற்சி, பிசியோ, டியூஷன் என்று ஓட வேண்டாம். காது, வலிப்பு மாதிரி தள்ளிப்போட முடியாததை மட்டும் உடனே பாருங்கள். பேர் தெரிகிற வயதுப் பிள்ளைக்குப் பேரை மாற்றாதீர்கள். வேற மாநிலத்திலிருந்து வந்தால் பசி, வலி, பாத்ரூம் என்கிற அளவுக்காவது அவர்கள் மொழியை முன்னாடியே கற்றுக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களைக் கூட்டி விருந்து வைப்பதையும் தள்ளிப்போடுங்கள். "யார் பெத்த பிள்ளைகளோ" என்று தொடங்குகிற பெரியம்மாவிடம் பிள்ளைகளின் பழைய கதையைச் சொல்லவே சொல்லாதீர்கள். அது அவர்களுடைய கதை.

அப்புறம் ஆணை. 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணை தருவது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர். அதுவரை பிள்ளைகள் உங்களிடம் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் உங்களிடம் வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு, ஆணைக்குப் பிறகும்கூட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தத்து மையத்திலிருந்தோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தோ வந்து நிலவரம் கேட்பார்கள். பிள்ளைகளைத் திருப்பி வாங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லாரும் "நல்லாயிருக்காங்க சார்" என்று காபி கொடுத்து அனுப்புகிறார்கள். அவள் தூங்குவதில்லை, அவன் கடிக்கிறான் என்றால் அப்படியே சொல்லுங்கள், ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. தம்பியின் யு.டி.ஐ.டி. அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டையைப் பற்றியும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் பெயரும் முகவரியும் மாற்ற வேண்டியிருக்கும், ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.